சூடோ-லெஜண்டரி முதல் நஸ்லாக் வரை: போக்கிமான் ரசிகர்கள் வகுத்த சொற்கள்

போக்கிமான் விளையாட்டுகளைப் புதிதாகத் தொடங்கும் ஒருவர், நெடுங்காலமாக விளையாடி வருபவர்களோடு பேசத் தொடங்கியதும் ஒரு சிக்கலைச் சந்திக்கிறார். அவர்கள் இயல்பாகப் பயன்படுத்தும் சொற்களில் பாதி, அவர் விளையாடிய கேமின் திரையில் எங்கும் வந்ததில்லை. சூடோ-லெஜண்டரி, ஐ.வி, ஈ.வி, ஸ்டாப், மசூதா முறை, நஸ்லாக் போன்ற சொற்களை நிறுவனம் உருவாக்கவில்லை, விளையாடியவர்கள் உருவாக்கினார்கள். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ரெட், கிரீன் என்ற இரு பதிப்புகளோடு தொடங்கிய இந்தத் தொடர், தன் உள்கணக்குகளில் பெரும்பகுதியை ஆட்டக்காரரிடம் சொல்லாமலே வைத்திருந்தது. அந்தக் கணக்குகளைக் கண்டுபிடித்தவர்கள் அவற்றைப் பற்றிப் பேசியாக வேண்டியிருந்தது. பேசுவதற்குப் பெயர் வேண்டியிருந்தது. ரசிகர் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்தன.

இவற்றில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது சூடோ-லெஜண்டரி என்ற சொல். மற்ற சொற்கள் எப்படி உருவாகின்றன என்பதையும் இந்த ஒன்று தெளிவாகக் காட்டிவிடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

லெஜண்டரி என்பது விளையாட்டே தரும் பெயர். கதையில் தனி இடம் பெற்று, பெரும்பாலும் ஒன்றே ஒன்றாகக் கிடைக்கும் போக்கிமான்களை அது குறிக்கிறது. மியூட்டூ, ஆர்டிகுனோ, சாப்டோஸ், மோல்ட்ரெஸ் ஆகியவை முதல் தலைமுறையில், அதாவது தொடரின் முதல் பதிப்புத் தொகுதியில், வந்த லெஜண்டரிகள். மித்திக்கல் என்ற இன்னொரு வகையும் விளையாட்டில் உண்டு. மியூ அதில் சேரும். சூடோ-லெஜண்டரி இந்த இரண்டிலும் சேராது. அவை காட்டிலும் குகையிலும் சாதாரணமாகத் திரியும் போக்கிமான்கள். எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம், முட்டையிட வைத்துப் பெருக்கலாம். ஆனால் முழு வளர்ச்சி அடைந்த பிறகு அவற்றின் வலிமை லெஜண்டரிகளுக்கு ஈடாக நிற்கும்.

அந்த வலிமையை அளப்பது எப்படி? ஒவ்வொரு போக்கிமான் இனத்துக்கும் ஆறு அடிப்படைப் புள்ளிகள் உண்டு: உயிர்நிலை, தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். கார்ச்சாம்ப் என்ற போக்கிமானுக்கு இவை முறையே 108, 130, 95, 80, 85, 102. கூட்டினால் 600 வரும். டைரானிட்டாரின் எண்கள் முற்றிலும் வேறு: 100, 134, 110, 95, 100, 61. கூட்டினால் அதுவும் 600. டிராகபல்ட் வேகத்தில் 142 புள்ளிகளைக் கொட்டியிருக்கிறது; தற்காப்பிலும் சிறப்புத் தற்காப்பிலும் 75 மட்டுமே வைத்திருக்கிறது. அதன் கூட்டுத்தொகையும் 600. இது தற்செயல் அல்ல என்பது இந்த மூன்றைப் பார்த்தாலே விளங்கும். வடிவமைப்பாளர்கள் ஒரு தொகையை முதலில் முடிவு செய்துகொண்டு, அதை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆறு எண்களும் விளையாட்டுக்குள் நேரடியாகக் காட்டப்பட்டதில்லை.

ரசிகர்கள் வகுத்த வரையறையில் மூன்று நிபந்தனைகள் உள்ளன. இறுதி வடிவத்தின் அடிப்படைப் புள்ளிகள் சரியாக 600 ஆக இருக்க வேண்டும். அந்த வடிவம் மூன்று நிலைகள் கொண்ட பரிணாம வரிசையின் கடைசியாக இருக்க வேண்டும். லெவல் 100-ஐ அடைய 12,50,000 அனுபவப் புள்ளிகள் தேவைப்படும் மெதுவான வளர்ச்சிப் பிரிவில் அது இருக்க வேண்டும். போரின்போது மட்டும் சில போக்கிமான்கள் எடுக்கும் தற்காலிக வடிவமான மெகா பரிணாமம் இந்தக் கணக்கில் சேராது. மெகா வடிவம் எடுத்தால் மேலும் 100 புள்ளிகள் கூடிவிடும்.

இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்துபவை முதல் தலைமுறையில் டிராகோனைட், இரண்டாவதில் டைரானிட்டார், மூன்றாவதில் சாலமென்ஸ், மெட்டாகிராஸ் என இரண்டு, நான்காவதில் கார்ச்சாம்ப், ஐந்தாவதில் ஹைட்ரைகன், ஆறாவதில் குட்ரா, ஏழாவதில் கொம்மோ-ஓ, எட்டாவதில் டிராகபல்ட், ஒன்பதாவதில் பேக்ஸ்காலிபர். இந்தப் பட்டியலை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால்தான் சொல்லின் தேவை புரியும். டிராகோனைட் தனியாக இருந்தவரை அது ஒரு வலிமையான டிராகன், அவ்வளவுதான். முதல் தலைமுறையில் சிறப்புத் தாக்குதலும் சிறப்புத் தற்காப்பும் பிரிக்கப்படாமல் ஒரே எண்ணாக இருந்ததால், அன்று அதன் கூட்டுத்தொகை 500 மட்டுமே. 1999-இல் ஜப்பானில் வெளிவந்த கோல்ட், சில்வர் பதிப்புகளில் அந்த எண் இரண்டாகப் பிரிந்தபோது அது 600 ஆயிற்று. அதே பதிப்புகளில் டைரானிட்டாரும் 600-உடன் வந்தது. அடுத்தடுத்த தலைமுறைகளிலும் அதே எண் திரும்பத் திரும்ப வந்தபோது, இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் உறுதிகொண்டார்கள்.

எண்ணைத் தாண்டியும் இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. இவை எளிதில் கைக்கு வராது. வந்தாலும் எளிதில் வளராது. ரூபி, சஃபையர் பதிப்புகளில் மெட்டாகிராஸின் முதல் நிலையான பெல்டமைப் பெற வேண்டுமானால், கதையின் இறுதி எதிரியான சாம்பியன் ஸ்டீவனை வென்ற பிறகு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். டயமண்ட், பேர்லில் கார்ச்சாம்ப்பின் முதல் நிலையான ஜிபிள் இருக்கும் குகைப் பகுதிக்கான வாயில், சைக்கிள் பாலத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். டெய்னோ முதலில் லெவல் 50-இல் ஸ்வைலஸாக மாறி, பிறகு லெவல் 64-இல்தான் ஹைட்ரைகன் ஆகும். அவ்வளவு நேரத்துக்குள் பெரும்பாலானோர் கதையையே முடித்திருப்பார்கள். இன்னொரு பக்கம், கதையின் கடைசி எதிரிகளிடம் இந்தப் போக்கிமான்கள் பெரும்பாலும் இருக்கும். டயமண்ட், பேர்லின் சாம்பியன் சிந்தியாவின் கார்ச்சாம்ப்பிடம் தோற்காத புதியவர் அரிது. பிளாக், ஒயிட் பதிப்புகளின் இறுதி எதிரி கெட்சிஸ் வைத்திருக்கும் ஹைட்ரைகனின் லெவல் 54; நம் ஹைட்ரைகன் அந்த லெவலில் இருக்கவே முடியாது. கோல்ட், சில்வரில் சாம்பியன் லான்ஸிடம் மூன்று டிராகோனைட்கள் உள்ளன. அவற்றின் லெவல்கள் 47, 47, 50. டிராகனேர் டிராகோனைட்டாக மாறுவது 55-இல். ஆட்டக்காரருக்கு இல்லாத சலுகையை எதிரிக்குத் தந்து இவற்றின் மிரட்டலைக் கூட்டுவது வடிவமைப்பாளர்களின் பழைய வழக்கம்.

புதியவர்கள் இங்கே மூன்று இடங்களில் குழம்புவார்கள். முதலாவது ஆர்க்கனைன். விளையாட்டுக்குள் இருக்கும் போக்கிமான் தகவலேடான போக்கிடெக்ஸில் அதன் வகைப்பெயரே 'லெஜண்டரி போக்கிமான்' என்று இருக்கிறது. ஆனால் அது லெஜண்டரியும் அல்ல, சூடோ-லெஜண்டரியும் அல்ல. இரண்டு நிலைகள் மட்டுமே கொண்ட அதன் கூட்டுத்தொகை 555. இரண்டாவது ஸ்லேக்கிங். அதன் தொகை 670; மூன்று நிலைகளும் உண்டு, வளர்ச்சியும் மெதுவானதே. ஆனால் அதன் இயல்புத் திறன் காரணமாக ஒரு சுற்றில் தாக்கினால் அடுத்த சுற்றில் சும்மா இருக்கும். அந்தக் குறைக்கு ஈடாகத் தரப்பட்ட 670 அது. அதனால் 600 என்ற வரையறைக்குள் வராது. மூன்றாவது ஆர்ச்சலூடன். ஸ்கார்லெட், வயலெட் பதிப்புகளுக்கு 2023 டிசம்பரில் வந்த கூடுதல் பகுதியில் அறிமுகமான இதன் தொகை சரியாக 600. ஆனால் டுராலூடனிலிருந்து நேரே வருவதால் இரண்டு நிலைகள்தான். ஜப்பானிய ரசிகர்கள் இந்தக் கூட்டத்தை 'ரொப்பியாகு-சோகு' என்று, அதாவது 600-ஐ வைத்தே, அழைக்கிறார்கள். எண்ணை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஆர்ச்சலூடனை வெளியே நிறுத்துவது கடினம். என் கருத்தில் அதைச் சேர்க்கக் கூடாது. பலவீனமான குட்டியைப் பொறுமையாக இரண்டு முறை மாற்றி வளர்ப்பதே இந்தப் பிரிவின் சாரம். எண் அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் பலன்.

'சூடோ' என்ற முன்னொட்டு போலி என்ற பொருளைத் தருவதால் இவை லெஜண்டரிகளைவிடத் தாழ்ந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். ஆர்டிகுனோ, சாப்டோஸ், மோல்ட்ரெஸ் மூன்றுக்கும் கூட்டுத்தொகை 580 தான். மியூவுக்கு 600. மியூட்டூ போன்ற சில லெஜண்டரிகள் மட்டுமே 680-ஐத் தொட்டு மேலே நிற்கின்றன.

அடுத்த சொல் ஷைனி. கோல்ட், சில்வர் பதிப்புகளில் முதன்முறையாக, வழக்கமான நிறத்திலிருந்து மாறுபட்ட போக்கிமான்கள் மிக அரிதாக எதிர்ப்பட்டன. கதையில் ஒன்று மட்டும் உறுதியாக வரும்: லேக் ஆஃப் ரேஜ் ஏரியில் நிற்கும் சிவப்பு கியாரடாஸ். போர் தொடங்கும்போது மின்னும் நட்சத்திரங்களைக் கண்டவர்கள் அவற்றை ஷைனி என்றார்கள். இது ரசிகர்களிடமிருந்து விளையாட்டுக்குள் குடியேறிய சொல். 2012-இல் வந்த பிளாக் 2, ஒயிட் 2 பதிப்புகளில், இவற்றைச் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டும் பொருளுக்கு ஷைனி சார்ம் என்று விளையாட்டே பெயரிட்டது.

அரிது என்றால் எவ்வளவு அரிது என்பதை இரண்டாம் தலைமுறையின் கணக்கு அழகாகக் காட்டுகிறது. அன்று ஒவ்வொரு போக்கிமானுக்கும் தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்பு ஆகிய நான்குக்கும் 0 முதல் 15 வரை ஒரு மறைமுக எண் அமையும். தற்காப்பு, வேகம், சிறப்பு மூன்றும் சரியாக 10 ஆகவும், தாக்குதல் 2, 3, 6, 7, 10, 11, 14, 15 என்ற எட்டில் ஒன்றாகவும் இருந்தால் அந்தப் போக்கிமான் ஷைனி. பதினாறில் எட்டு, பிறகு மூன்று முறை பதினாறில் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 8,192-இல் ஒன்று. பின்னர் கணக்கிடும் முறை மாறிய போதும் இந்த வாய்ப்பு ஐந்தாம் தலைமுறை வரை அப்படியே காக்கப்பட்டது. 2013-இல் எக்ஸ், ஒய் வந்தபோதுதான் அது 4,096-இல் ஒன்று என்று இரட்டிப்பானது. எந்தக் கூடுதல் உதவியும் இல்லாமல் இந்த அடிப்படை வாய்ப்பிலேயே ஷைனி தேடுவதை ஆட்டக்காரர்கள் 'ஃபுல் ஆட்ஸ்' என்பார்கள். கேமை அணைக்காமல் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி மீண்டும் தொடங்கி, அதே போக்கிமானைப் புதிதாகச் சந்திப்பதற்கு 'சாஃப்ட் ரீசெட்' என்று பெயர்.

வெவ்வேறு மொழிப் பதிப்புகளிலிருந்து வந்த இரண்டு போக்கிமான்களை இணைத்து முட்டை பெற்றால் ஷைனி பிறக்கும் வாய்ப்பு கூடும். டயமண்ட், பேர்லில் தொடங்கிய இந்த ஏற்பாட்டை, தொடரின் இசையமைப்பாளரும் இயக்குநருமான ஜுனிச்சி மசூதா வெளியே சொன்னார். அதனால் ரசிகர்கள் அதற்கு மசூதா முறை என்று பெயர் வைத்தார்கள். எக்ஸ், ஒய் முதல் இம்முறையில் வாய்ப்பு 4,096-இல் ஆறு, ஏறத்தாழ 683-இல் ஒன்று.

ஐ.வி, ஈ.வி இரண்டையும் தொடக்கநிலையில் பலர் அஞ்சி ஒதுக்குகிறார்கள். அஞ்சும் அளவுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே லெவலில் உள்ள இரண்டு போக்கிமான்களின் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்கான விடைதான் இவை. ஐ.வி பிறவியில் வருவது: மூன்றாம் தலைமுறை முதல் ஆறு புள்ளிகளுக்கும் தனித்தனியாக 0 முதல் 31 வரை ஓர் எண் அமைகிறது. லெவல் 100-இல் ஒரு ஐ.வி ஒரு புள்ளியாகும். ஆகவே நல்ல பிறவிக்கும் மோசமான பிறவிக்கும் அதிகபட்ச வேறுபாடு 31. ஈ.வி வளர்ப்பில் வருவது: நீங்கள் வீழ்த்தும் ஒவ்வொரு எதிரியும் குறிப்பிட்ட புள்ளியில் சிறிதளவு ஈ.வி தரும். சுபாட் ஒன்றை வென்றால் வேகத்தில் 1. ஜியோடூடை வென்றால் தற்காப்பில் 1. லெவல் 100-இல் நான்கு ஈ.வி சேர்ந்தால் ஒரு புள்ளி உயரும். ஒரு போக்கிமானுக்கு மொத்தம் 510 ஈ.வி வரைதான் சேரும். ஒரே புள்ளியில் பயன்தரும் உச்சம் 252, அதாவது 63 புள்ளிகள்.

இப்போது ஆட்டக்காரர்கள் '252, 252, 4' என்று சொல்வது ஏன் என்று புரியும். ஒரு கார்ச்சாம்ப்பின் தாக்குதலில் 252, வேகத்தில் 252 என வைத்துவிட்டால் 504 போய்விடும். மிச்சமிருக்கும் ஆறில் நான்கை உயிர்நிலையில் வைத்தால் ஒரு புள்ளி கிடைக்கும். கடைசி இரண்டு எங்கும் பயன்படாது. இந்த மூன்று எண்களைக் கேட்டதுமே, அந்தப் போக்கிமான் விரைந்து அடித்து விழுத்த வளர்க்கப்பட்டது என்பது அனுபவமுள்ளவருக்குத் தெரிந்துவிடும்.

விளையாட்டு இவற்றை மறைத்தே வைத்திருந்தது என்றாலும் மெல்ல மெல்லத் திரையை விலக்கியது. 2008-இல் வந்த பிளாட்டினம் பதிப்பில் ஒரு பாத்திரம் உங்கள் போக்கிமானின் பிறவித் திறனை எண் சொல்லாமல் வார்த்தைகளால் மதிப்பிடும். எக்ஸ், ஒய் பதிப்புகளில் ஈ.வி அளவு அறுகோண வரைபடமாகவே காட்டப்பட்டது. 2016-இன் சன், மூன் பதிப்புகளில், லெவல் 100-ஐ அடைந்த போக்கிமானின் ஐ.வி குறையை ஹைப்பர் டிரெய்னிங் மூலம் சரிசெய்யவும் வழி வந்தது. ஆனால் பெயர் விஷயத்தில் விளையாட்டு ரசிகர்களைப் பின்பற்றவில்லை. ஈ.வி என்று ரசிகர்கள் சொல்வதை அது பேஸ் பாயிண்ட்ஸ் என்கிறது; ரசிகர்களோ இனத்துக்கே உரிய அந்த ஆறு எண்களைத்தான் பேஸ் ஸ்டாட்ஸ் என்கிறார்கள். ஒன்று கார்ச்சாம்ப் இனம் முழுவதுக்கும் பொது. மற்றொன்று உங்கள் கையிலிருக்கும் ஒரு கார்ச்சாம்ப்புக்கு மட்டும் உரியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் வழங்கினால் புதியவர் தடுமாறத்தான் செய்வார். ரசிகர்களின் ஈ.வி என்ற பெயரே இங்கு தெளிவானது என்பதில் எனக்கு ஐயமில்லை. விளையாட்டின் விளக்கக் குறிப்பைப் படிக்கும்போதும் ஆட்டக்காரர் ஒருவரின் அறிவுரையைக் கேட்கும்போதும் 'பேஸ்' என்ற சொல் வந்தால், எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் (STAB, same-type attack bonus) என்பது சிறிய விஷயம். ஒரு போக்கிமான் தன் வகையைச் சேர்ந்த தாக்குதலையே பயன்படுத்தினால் அதன் வலிமை 1.5 மடங்காகும், அந்தக் கூடுதல் பயனுக்கு ஆட்டக்காரர்கள் இட்ட சுருக்கப்பெயர் இது. பிகாச்சு கற்கும் தண்டர்போல்ட், சர்ஃப் இரண்டுக்கும் இப்போது குறிக்கப்பட்டுள்ள வலிமை 90. பிகாச்சு மின்சார வகை என்பதால் அதன் தண்டர்போல்ட் 135-க்கு நிகராகத் தாக்கும்; நீர் வகையான சர்ஃப் 90-இலேயே நிற்கும். தாக்குதல் விவரத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான் தெரியும்.

இதுவரை பார்த்தவை விளையாட்டுக்குள் ஏற்கெனவே இருப்பவற்றின் பெயர்கள். நஸ்லாக் அப்படியல்ல; விளையாட்டில் இல்லாத ஒன்றை ரசிகர்கள் அதன்மேல் ஏற்றியது. 2010-இல் நிக் பிராங்கோ என்பவர் ரூபி பதிப்பைத் தானே வகுத்துக்கொண்ட கடுமையான விதிகளோடு விளையாடி, அந்த அனுபவத்தைக் கேலிச்சித்திரத் தொடராக வரைந்தார். அதில் நஸ்லீஃப் என்ற போக்கிமான், ஒரு தொலைக்காட்சித் தொடரின் லாக் என்ற பாத்திரத்தின் முகத்தோடு வந்தது. இரண்டும் சேர்ந்து நஸ்லாக் ஆயிற்று. சித்திரத்தைப் பார்க்காதவர்களும் இன்று அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள்.

அடிப்படை விதிகள் இரண்டு. மயங்கி விழுந்த போக்கிமான் இறந்ததாகக் கருதப்படும். அதை விடுவிக்க வேண்டும் அல்லது நிரந்தரமாகச் சேமிப்புப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் போக்கிமானை மட்டுமே பிடிக்கலாம். அது தப்பினாலோ விழுந்தாலோ அந்தப் பகுதியில் வேறு வாய்ப்பில்லை. இவற்றோடு, பிடிக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்பதும் வழக்கம். பெயர் வைத்த ஒன்றை இழப்பது வலிக்கும். நஸ்லாக்கை உயிரோட்டமாக்குவது இதுதான் என்று நான் நம்புகிறேன். வழக்கமான ஆட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரணப் போக்கிமான், நஸ்லாக்கில் கடைசி வரை உடன் வந்து அணியின் தூணாக நிற்பதை நீங்களே காண்பீர்கள். மேலே சொன்ன சூடோ-லெஜண்டரிகள் இங்கே தனி அச்சம் தருவதும் இதனால்தான்: சிந்தியாவின் கார்ச்சாம்ப் ஒரே போரில் உங்கள் நெடுநாள் அணியில் பாதியை என்றைக்குமாக எடுத்துச் சென்றுவிடக்கூடும்.

விதிகளைக் கண்காணிக்க விளையாட்டு வராது என்பதால் விலக்குகளும் ரசிகர்களிடமே உருவாயின. ஏற்கெனவே பிடித்த இனமே மீண்டும் முதலில் வந்தால் அதைக் கணக்கில் கொள்ளாமல் அடுத்ததைப் பிடிக்கலாம் என்பது 'டூப்ஸ் கிளாஸ்' (dupes clause). ஷைனி எதிர்ப்பட்டால் அது எத்தனையாவதாக வந்தாலும் பிடிக்கலாம் என்பது 'ஷைனி கிளாஸ்'; 4,096-இல் ஒன்றாக வரும் ஒன்றை விதியின் பெயரால் விட்டுவிடச் சொல்வது கொடுமை என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த விலக்குகளை ஏற்பதா வேண்டாமா என்பதை முதல் போக்கிமானைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நண்பரோடு சேர்ந்து விளையாடுவதானால் இருவரும் ஒரே விதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியவருக்கு டூப்ஸ் கிளாஸ், ஷைனி கிளாஸ் இரண்டையும் வைத்துத் தொடங்கச் சொல்வேன்.